விரோதியின் கரும்பு வண்டி

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். திண்டிவனத்தில் லாரி கிளீனராக ஆரம்பித்து, இன்று விழுப்புரத்தில் எட்டு டாக்சிக்குச் சொந்தக்காரன். சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இந்த ஜில்லாவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. சொட்டுநீர்க் குழாய் பதிக்க வந்த யூத இன்ஜினீயர், இங்கே இருந்த ஒரு வருஷமும் என் வண்டியைத் தவிர வேறு வண்டி ஏறவில்லை என்றால் சும்மாவா? ஓட்டுவதும் நானேதான்.

அவர் மதத்தில் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகளாம். ஆர்.டி.ஓ. ஆபீசில்கூட அத்தனை சட்டம் இல்லை. அதில் ஒன்று எனக்கே மனப்பாடம். வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கிவிட்டால், மறுநாள் இருட்டும்வரை அவர் வண்டியில் உட்காரக் கூடாது. அதற்குள் அவரை அறையில் சேர்ப்பது என் பொறுப்பு. ஒரு வெள்ளியும் நான் தவறியதில்லை.

அன்றும் வெள்ளிதான். திருவெண்ணெய்நல்லூரில் வேலை முடிந்து திரும்பும் வழியில், விழுப்புரத்தை நெருங்கும்போது ஒரு கரும்பு டிராக்டர் நின்றது. டிரெய்லர் சக்கரம் வாய்க்காலில் இறங்கி, பாதிக் கரும்பு ரோட்டில் கிடந்தது. தலையில் கைவைத்துக்கொண்டு நின்றவன் என் சகலை. என் பெண் கல்யாணத்தில் அவனை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்று ஆறு வருஷமாக என்னோடு பேச்சில்லை. நான் மட்டும் இறங்கிப் போவேனா? ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

"அண்ணா, நிறுத்துங்க. அந்த ஆளுக்கு ஒத்தாசை பண்ணணும்," என்றார் இன்ஜினீயர். கரும்புத் தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழ்.

"பொழுது போய்க்கினு இருக்குது சார். அவன் எனக்கு விரோதி. உடுங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மனுஷன் கதவில் கைவைத்துவிட்டார்.

"விரோதியா? அப்ப கட்டாயம் நிறுத்தணும்."

விரோதியின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விட்டுப் போகாதே, கூட நின்று தூக்கிவிடு என்று ஒரு கட்டளையாம்.

"சிநேகிதன்னு சொல்லியிருந்தா?"

"அப்பவும் நிக்கணும். விரோதின்னா இன்னும் ஜல்தியா நிக்கணும்."

நின்றேன். பாரத்தை இறக்கி, டிரெய்லரை மேலே ஏற்றி, மறுபடி கட்டுக்கட்டாக அடுக்கினோம். இந்த அறுபத்தெட்டு வயசிலும், பாதிக் கட்டுக்குமேல் நான்தான் தூக்கினேன். சகலை வாயே திறக்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு பறந்தேன். அப்படியும் ஊர் எல்லைக்கு வரும்போது சூரியன் பனைமரத்துக்குப் பின்னால் மறைந்தேவிட்டது. பொழுது சாய்ந்தபின் அதையெல்லாம் சுமக்கவும் கூடாதாம்; இன்ஜினீயர் போனையும் பர்சையும் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

"இனிமே நடைதாண்ணா. அரை கிலோமீட்டர்தானே?" முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை.

வாடிக்கையாளரை நடுரோட்டில் விட்டுப்போகிற ஆளா நான்? வண்டியைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து டிராக்டர் சத்தம். பக்கத்தில் வந்ததும் மெதுவானது.

"இன்னாண்ணா, எட்டு வண்டி வச்சிக்கினு நடந்து போற?" ஆறு வருஷத்தில் சகலையின் முதல் பேச்சு.

"சார் இப்ப வண்டி ஏறக் கூடாதுடா. என்னா பண்றது?"

"உனக்குமா? கரும்பு மேல குந்திக்கயேன்."

"உன் வண்டில ஏறி வாய்க்கால்ல உழுறதுக்கா?"

இன்ஜினீயர் சிரித்தார். சகலை டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு, இடுப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு நடக்க ஆரம்பித்தான். அறை வாசல்வரை வாய் மூடவில்லை, கழுதை.