அடிக்குரல் வராத ட்ராக்

நாளும் கிழமையும் தவறாமல் நாட்குறிப்பு எழுதிவைப்பது என் வழக்கம். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியதில் மட்டும் எது முதலில் நடந்தது, எது பிறகு என்பது எனக்கே விளங்கவில்லை.

என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆவூர்ப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறான். பாடல்களைக் கணினியில் பதிவு செய்து, குரல்களைச் சேர்த்துச் சமன் செய்து கொடுப்பதும் அவன்தான். திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டு விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவான். பாடல் பதிவு செய்யும் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டதும் தொல்லை வந்தது. எந்தப் பொத்தானுக்குப் போனாலும் கணினி "பட்டன், பட்டன்" என்றது. எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பவும் முடியவில்லை.

திருவிழாப் பாடல்களை அந்த ஞாயிறே பதிவு செய்தாக வேண்டும். பாடற்குழுவில் அடிக்குரல், அதாவது கனத்த பேஸ் குரல், பாடுகிறவர் ஒருவர்தான். அவர் அன்று மாலை சிங்கப்பூர் வேலைக்குத் திரும்புகிறார். முடியாவிட்டால் வேலையைத் திருச்சி ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுவதாகப் பங்குப் பேரவையில் பேச்சு. ஒருமுறை அங்கே போனால் தம்பியிடம் திரும்பி வராது.

பெயரில்லாத பட்டனுக்கு நாமே பெயர் எழுதலாம், கணினி அதை வாசிக்கும் என்றான். சனிக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் 'பச்சை வட்டம்' என்று எழுதினேன்.

"பச்சையை வச்சு நான் என்னக்கா பண்றது? அது என்ன வேலை செய்யுதுன்னு எழுது."

"என்ன வேலை செய்யுதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"எனக்கு வேலை தெரியும், எதுன்னு தெரியல. ஒனக்கு எதுன்னு தெரியுது, வேலை தெரியல. நல்ல ஜோடி."

ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ஊகித்து எழுதினோம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் பழக்கத்தில் நான் முழு வாக்கியமாகவே எழுதினேன்.

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லோரும் குரல்வாரியாகத் தனித்தனி மைக் முன் நின்றார்கள். ஒவ்வொரு மைக்கும் தனி ட்ராக்கில் பதிவாகும். தம்பியின் ஹெட்போன் வயர் கழன்றிருந்தது. மண்டபம் அமைதியாக இருந்த நேரம் பார்த்து, ஸ்பீக்கரில் அந்தத் தட்டையான குரல், "இதனை அழுத்தினால் ஒலிப்பதிவு இனிதே தொடங்கும்" என்றது. செபம் முடிந்தது என்று நினைத்தார்களோ என்னவோ, பெண்கள் வரிசை மொத்தமும் "ஆமென்" என்றது.

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. "பட்டனுக்குப் பேரு வைக்கச் சொன்னா செபம் எழுதி வச்சிருக்கா," என்றான் தம்பி.

பாடி முடித்தார்கள். போட்டுக் கேட்டால் எல்லாக் குரலும் இருந்தது, அடிக்குரல் இல்லை. அவர் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"தம்பி, திருச்சி பஸ்ஸ விட்டா அப்புறம் பிளைட்டு போயிரும்."

"கொஞ்சம் இருங்கண்ணே. அக்கா, அவரு ட்ராக்ல அலை அலையா ஏதும் தெரியுதா?"

"தெரியுது."

"அது பக்கத்துல நின்னவங்க சத்தமாவும் இருக்கலாம். மியூட் பட்டன் போட்டிருக்கா?"

மியூட் என்று நான் பெயர் வைத்த பட்டனில் ஒரு ஸ்பீக்கர் படம், அதன்மேல் ஒரு கோடு. சத்தம் அடைபட்டிருக்கிறது என்று காட்டுகிறதா, அழுத்தினால் அடைபடும் என்கிறதா? தம்பியிடம் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை.

"பேரு வச்சிட்ட. அது இப்ப போட்டிருக்கா இல்லையான்னு யாரு சொல்றது?"

"டீச்சரம்மா, ஏதாவது ஒண்ண அமுக்குங்க," என்றார் வாசலில் நின்றவர்.

அழுத்தினேன். தம்பி மறுபடி ஓடவிட்டான். அடிக்குரல் மண்டபத்தை நிறைத்தது. அவர் தன் குரலை ஒரு வரி கேட்டுவிட்டு, "போதும், வாரேன்" என்று ஓடினார்.

"இப்ப அந்த ஸ்பீக்கர் படத்து மேல கோடு இருக்காக்கா?"

இருந்தது. அழுத்துவதற்கு முன்பும் இருந்ததாகத்தான் நினைவு. அப்படியானால் குரல் எப்படி வந்தது? பக்கத்துப் பட்டனை அழுத்தினேனா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பாடல்கள் திருவிழாவுக்கு முன்பே தயாராகிவிட்டன. தம்பிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அடுத்த வாட்டி நீ இல்லாம நான் செய்யணும்க்கா," என்றான். பட்டனுக்குப் பெயரும் வேண்டும், அது போட்டிருக்கிறதா இல்லையா என்பதும் காதில் விழவேண்டும் என்று அந்த மென்பொருள் செய்தவர்களுக்கு எழுதினான். சில நாளில் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, பிரச்சினை என்ன என்று தெரியும்படி திரையைப் படம் எடுத்து அனுப்பக் கேட்டிருந்தார்கள்.

படம் எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அதில் எந்த இடத்தைச் சுட்டிக்காட்டி எழுதுவது?