நான் வைக்காத கையெழுத்து

நினைவு மலரில் மறைந்தவரைப் பன்மையில்தான் எழுத வேண்டும் என்று அஜக்ஸ் நகரில் இருக்கும் மாமா சொன்னார். பிறந்தார், வளர்ந்தார், இறைவனடி சேர்ந்தார் என்று. மாமாவின் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பதினேழு வயதில் போய்விட்ட என் தங்கச்சியை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. நாலைந்து தாள் கிழித்தாயிற்று. உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் என்றுதான் எழுதப் போகிறேன்.

தங்கச்சி எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில் பிறந்தவள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா நெஞ்சுவலியில் காலமானார். அன்றிலிருந்து நான் அவளுக்குப் பாதி அண்ணன், பாதி அப்பா. இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்தேன். தீவை விட்டு இடம்பெயர்ந்து கொழும்பில் ஒரு லொட்ஜ் அறை, பிறகு பயணம் சரிவராமல் பாங்கொக்கில் எட்டு மாதம் பூட்டிய அறை, கடைசியில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கு வந்து ஸ்காபரோவில் பதினான்காம் மாடி. அம்மா, அவள், நான். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

வந்த புதிதில் அவளுக்கு ஆங்கிலம் ஓடவில்லை. இரண்டாம் வருடம் பள்ளிக்கூட நூலகத்தை விட்டு அவளைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு வந்தாள். “ஏன் முதலாவது இல்லை?” என்று கேட்டேன். “என்ரை பகிடி ஜட்ஜ்மாருக்கு விளங்கேல்லை அண்ணா, பாவங்கள்” என்றாள். அப்படி ஒரு வாய்.

பதினோராம் வகுப்பில் அவளுடைய ஆங்கில ஆசிரியை அவள் எழுதிய கட்டுரை ஒன்றை, நகரத்துப் பள்ளி மாணவர்களுக்கான எழுத்துப் போட்டிக்கு அனுப்பி வைத்தார். அதற்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரு சான்றிதழும் மேடையில் வாசிக்கும் வாய்ப்பும் உண்டு. இவற்றிலும் பெரிதாக, வென்றவர்களின் எழுத்துக்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுவார்கள். அதற்குப் பெற்றவரோ பொறுப்பானவரோ ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போய்விடும்.

வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. படிவத்தையும் கட்டுரையையும் நீட்டினாள். “அண்ணா, இதிலை ஒரு சைன் வையுங்கோ. புத்தகத்திலை என்ரை பேர் வரப்போகுது.” அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கட்டுரையின் தலைப்பைக்கூட வாசிக்கவில்லை. முதல் பந்தியில் ‘பாங்கொக்’, ‘எட்டு மாதம்’ என்ற சொற்கள் கண்ணில் பட்டன. அதோடு நிறுத்திவிட்டேன். எங்கள் அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. படிவம் நிரப்பித் தந்த மொழிபெயர்ப்பாளர் “உதெல்லாம் தேவையில்லைத் தம்பி” என்று சொல்லி, பாங்கொக்கில் ஒரு கிழமை என்று எழுதிவிட்டிருந்தார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். இப்போது என் தங்கச்சியே எட்டு மாதம் என்று அச்சில் போட்டுக் கொடுத்தால்?

“உது வேண்டாம்” என்றேன்.

“ஏன் அண்ணா?”

“எங்கடை கேஸ் இன்னும் முடியேல்லை. எங்களைத் திருப்பி அனுப்பினால் உன்ரை புத்தகம் வந்து காப்பாத்துமோ?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஆங்கிலக் கடதாசி என்றால் கடைசிச் சொல் என்னுடையதுதான். “ஓம், விளங்குது” என்று சொல்லிப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம். வழக்கம்போல எனக்கு முதலில் போட்டாள்.

எங்கள் கேஸைப் பார்த்த லோயரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அதுவும் ஃபைலில் ஏறிவிடும் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள்; லிஃப்டில் போகும்போதும் வரும்போதும் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. எல்லாம் முடிந்த பிறகு கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “வந்து சொல்லியிருந்தால் ஒரு திருத்தக் கடிதம் போட்டிருப்பேன். ஒரு பக்கம்” என்றார். ஒரு பக்கம்!

பரிசை ஏற்காததால் அதே கட்டுரையை அடுத்த வருடமும் அனுப்பலாம் என்று ஆசிரியை விசாரித்துச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: அதுவரை அது வேறெங்கும் அச்சில் வந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூட மலருக்குக் கேட்டார்கள், தங்கச்சி கொடுக்கவில்லை. தமிழ் வகுப்பு மலருக்கு மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். அடுத்த வருடத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அந்த மாரி காலத்தில், பனி கொட்டத் தொடங்கியபோது, அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். இரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைமுடியெல்லாம் உதிர்ந்த பிறகும் பகிடியை விடவில்லை; “அண்ணா, இப்ப நீங்களும் நானும் ஒரே ஸ்டைல்” என்று என் வழுக்கையைக் காட்டிச் சிரிப்பாள். ஒருநாள் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

“எங்கடை பேப்பர் வந்திட்டுதோ?”

“இல்லையம்மா. வந்திடும்.”

“வந்தால் சைன் வைப்பீங்கள்தானே?”

“சத்தியமா வைக்கிறன்.”

“அவசரமில்லை” என்றாள். என்னை ஆறுதல்படுத்துகிறாளாம். பனி கரையத் தொடங்கிய ஒரு காலையில், அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

அவள் போய் மூன்றாம் கிழமை பேப்பர் வந்தது. நிரந்தர வதிவிடம், மூன்று பேருக்கும். அவளுடைய பெயரும் அதில் இருந்தது. அவளுடைய மேசையில் இருந்த புதிய போட்டிப் படிவத்தில் கையெழுத்து வைத்து, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். ஆசிரியை அதை வாங்கிப் பார்த்தார். இந்தப் போட்டி, இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு தன்னிடம் இருந்த கட்டுரையை என்னிடம் தந்தார்.

அன்றைக்குத்தான் அதை முழுதாக வாசித்தேன். தலைப்பு, ‘அண்ணா சாப்பிட்டுவிட்டார்.’ பாங்கொக் அறைக்கு நான் நாள்தோறும் ஒரு சோற்றுப் பார்சல் கொண்டுவந்ததையும், கடையிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னதையும் எழுதியிருந்தாள். ‘எட்டு மாதத்தில் அவருடைய பெல்ட்டில் ஆணியால் குத்திய மூன்று புதிய ஓட்டைகள். ஒவ்வொன்றையும் நான் கண்டேன். எனக்குப் பசியில்லை என்று நானும் பொய் சொல்லிப் பார்த்தேன். அவரைப் போல எனக்குச் சரிவரவில்லை.’ அந்த எட்டு மாதத்துக்குப் பயந்துதான் நான் மறுத்தேன். அவளுக்கோ அதில் சொல்ல இருந்தது என்னைப் பற்றி மட்டும்.

அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா அழவில்லை. “அந்த பெல்ட் எங்கையடா?” என்று மட்டும் கேட்டார். அது எப்போதோ குப்பையில் போய்விட்டது.

இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. இரத்தம் தந்த நண்பர்களுக்கும், தங்கச்சியின் கையைப் பிடித்திருந்த தாதிமாருக்கும், கடைசி வரை வந்து செபித்த பங்குத் தந்தைக்கும், அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாலு மாதமும் 401 நெடுஞ்சாலைப் பனிக்குள் எங்களை ஏற்றி இறக்கிய மாமாவுக்கும், ஆஸ்பத்திரியால் வரும் நேரம் பார்த்துக் கஞ்சி வைத்துத் தந்த பக்கத்து வீட்டு பாத்திமா அன்ரிக்கும், அவளை நம்பிய ஆசிரியைக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த பக்கத்தில் தங்கச்சியின் கட்டுரை, அவள் எழுதியபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் இருக்கிறது. அதன் கீழே என் மொழிபெயர்ப்பு. அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. இனி இதை எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது.

நேற்று அச்சகத்து அண்ணை அந்தப் பக்கத்தின் புறூவை, பிழை பார்க்கும் தாளை, எனக்கு முன்னால் வைத்தார். “வடிவாப் பாருங்கோ தம்பி. அடிக்கலாம் எண்டால் கீழை ஒரு சைன் வையுங்கோ” என்றார்.

வைத்தேன்.