அட்டவணையின் கடைசி நிறம்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த மொஹிதீன் நானா, நூருல் இனாயாவைக் கண்டதும் தராசை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"தங்கச்சி, கேம்பஸ் மிஸ் ஒருத்தி தோட்டத்துப் புள்ளைக்கு ரத்தம் எடுத்தாவாம். புள்ள விழுந்திட்டாம். மடுல்சீமை பஸ் கொண்டக்டர் சொன்ன கதை. நீங்க இல்லத்தானே?"

"ஒரு சொட்டுத்தான் நானா."

"அப்ப நீங்கதான்."

இனாயா பண்டாரவளைப் புடைவைக் கடை லத்தீபின் மகள். பேராதனையில் விலங்கியல் முடித்து மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பதுளைப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு உயிரியலுக்கு ஆசிரியரே இல்லையென்று அறிந்து, நண்பர்கள் இருவரோடு சனிக்கிழமைகளில் செய்முறை வகுப்பு எடுக்க வந்தாள். நண்பர்கள் இரண்டே மாதத்தில் கழன்றுகொண்டார்கள். அவள் மட்டும் கிருமியையும் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். எழுபத்து நாலாம் ஆண்டு அது. கூப்பனுக்குக் கிடைக்கும் மாவும் அரிசியும் குறைந்து, தோட்டத் தொழிலாளர் லயங்களில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது.

போன சனிக்கிழமை குருதிப் பாடம். விரலில் ஊசியால் குத்தி, ஒரு துளியை ஒற்றுத்தாளில் எடுத்து, குருதியின் வலுவை அறிய அட்டவணையின் பத்துச் சிவப்புகளோடு ஒப்பிட வேண்டும். மடுல்சீமைத் தோட்டத்து அழகையாவின் மகள் ஜெயலெட்சுமியின் துளி, ஆக வெளிறிய கடைசி நிறத்தையும் எட்டவில்லை.

"மிஸ், இது ரத்தமில்ல, பால் ஊத்தாத பிளேன்டி!" என்றான் ஜௌபர்.

"கொழுந்து பறிக்கிற வூட்ல வேற என்னா ஓடும்?" என்று ஜெயலெட்சுமியே முந்திக்கொண்டு சிரித்தாள்.

வகுப்பு முழுதும் சிரித்தது. இனாயாவும் சிரித்தாள். பிறகு, "தாள் பழசு, இன்னொருக்காச் செய்யுங்க" என்றாள். ஜெயலெட்சுமி அடுத்த விரலை நீட்டினாள். அதே நிறம். தாள் கேம்பஸ் ஆய்வுகூடம் கழித்துவிட்ட கட்டிலிருந்து வந்தது. அதன்மேல் பழியைப் போட வசதியாக இருந்தது. 'பிழையான அளவீடு' என்று பதிவுப் புத்தகத்தில் எழுதினாள். அதே கட்டுத் தாளில் மற்றப் பதினொரு பேருக்கும் அளவு சரியாக வந்திருந்ததை யோசிக்கவில்லை. பஸ்ஸை விட்டிறங்கி மூன்று மைல் ஏறி வீடு போகிற பிள்ளையிடம், ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

"எங்க விழுந்திச்சாம் நானா? உசுரு இருக்காமா?"

"அது தெரியாது. கொண்டக்டரும் ஆரோ சொல்லித்தான் கேட்டவன்."

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தபால் கந்தோருக்கு ஓடினாள். தோட்ட ஆபீஸ் நம்பருக்கு ட்ரங்க் கோல் போடச் சொன்னாள். லைன் கிடைத்தது. கேட்க வேண்டிய கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்: அழகையாட மகள் எப்படி இருக்கா?

"ஒருத்தரும் எடுக்கல்ல மிஸ். வெட்டவா?" என்றாள் தொலைபேசிக்காரி.

"வெட்டாதீங்க."

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.