பானை தாங்காத பலகை

நான் கல்யாணமாகி பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊருக்கு வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் படுக்கையறையில் நடந்தது வேறு யுத்தம். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு குழி விட்டு, அலமாரி என்று சொல்லிக் கதவும் போட்டிருந்தார்கள். உள்ளே தட்டு கிடையாது. மாமியாரின் அடுக்குப்பானைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விதை ராகியோடு நின்றன. விதையை உள்ளறையில்தான் வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். புது மருமகளையும் அப்படித்தான்.

என் சேலைகள் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் இருந்தன. துண்டு தேடினாலும் துடைப்பம் தேடினாலும் அந்தப் பெட்டியைத்தான் எல்லோரும் இழுத்துப் போட்டார்கள். எனக்கென்று ஒரு சாண் இடம் இல்லை. அதை நினைத்தால் அழுகை வரும். பிறந்த வீட்டுக்கு எழுதவில்லை, எழுதினால் வந்துவிடுவார்கள்.

ஆடியில் விதைத்ததும் பானைகள் காலியாகி வெளியே போயின. அறுவடை வரை அலமாரி சும்மாதான் கிடக்கும். அதற்குள் தட்டு போட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆசாரியைக் கூப்பிடுவானேன், தானே போடுவதாகச் சொன்னார்.

"பலகைக்கல்லு பதிச்சிட்டா நம்ம பேரப்புள்ளைங்க காலத்துக்கும் அசையாது" என்றார்.

அசையாத தட்டில் அறுவடையன்றே பானை ஏறிவிடும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"கல்லு சில்லுன்னு இருக்குமுங்க."

"துணிக்கு என்ன, சளியா புடிக்கும்?"

அடுத்த சந்தையில் மாம்பலகை காட்டினார். தட்டிப் பார்த்தேன். யானையே ஏறி நிற்கலாம். புழு அரிக்கும் என்று சொல்லிவிட்டேன். கடைசியாக ஒரு மளிகைக் கடை வாசலில் உடைத்துப் போட்டிருந்த, மண்ணெண்ணெய் டின்கள் வந்த மரப்பெட்டிப் பலகைகளைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் வளைந்தன.

"இதுதாங்க நல்லாருக்கு."

"வெவரமான பொண்ணுன்னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க" என்றார் பொதுவாக.

மண்சுவரில் இருபக்கமும் வேலமர முளைக்குச்சிகளை அடித்து அதன்மேல் பலகைகளை அவரே பரப்பினார். ஒரு தட்டு தருமபுரிப் பக்கம் சாய்ந்தது, இன்னொன்று பென்னாகரம் பக்கம். என் சேலையெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். நான் சந்தோஷமாக இருந்தேன்.

ராகி அடித்து முடித்த மறுநாள் மாமியார் இடுப்பில் பானையோடு வந்தார். கதவைத் திறந்தார். தட்டைக் கையால் அழுத்தினார். அது கிறீச்சிட்டது.

"யாரு பாத்து எடுத்த பலகை?"

"நான்தானுங்க அத்தை."

"ஊரெல்லாம் கல்லா கெடக்குதே."

"ஆமாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். மறைக்க எதுவும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பானையோடு திரும்பிப் போனார். மகனைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்து அங்கேயே நின்றேன்.

தனியாகத்தான் வந்தார். கையில் ஒட்டடை படிந்த துணிமூட்டை. அவிழ்த்தார். ஒரு பட்டுச்சேலை, ரசம் போன கைக்கண்ணாடி, ஒரு மரச்சீப்பு. கீழ்த்தட்டில் இருந்த என் சேலைகளை ஓரமாக நகர்த்தி, அவற்றை ஒவ்வொன்றாக வைத்தார்.

"முப்பது வருசமா பரண்மேல கெடந்துது" என்றார். "நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப எனக்கு இந்த ரோசன வரலியே, கண்ணு."