ஆட்டு மூளையும் என் மகளின் பட்டமும்

திருவண்ணாமலையில் எங்கள் கறிக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும், என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கே வெட்ட வேண்டும் என்று எனக்கே சொல்லித்தர வந்த ஆளை எடை போடாமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். மனைவியோ மூன்று மகன்களோ கடைசியாகப் பிறந்த மகளோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த மகள்தான் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். தாயின் வயிற்றில் இருக்கும் குட்டியின் மூளையில் நரம்பு செல்கள் எங்கிருந்து உண்டாகின்றன என்பது ஆராய்ச்சி. எலியை வைத்துச் செய்தாள். ஆடு என்றால் நான் சும்மாவே தந்திருப்பேனே என்று கிண்டல் செய்வேன்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. கல்லூரிக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் நடக்கும், வந்திருக்கிற யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். சரியான பதில் வந்தால்தான் பட்டம். “அத்தா வாயைத் தொறக்காம பாத்துக்கோம்மா” என்று என்னைப் பற்றி முந்தின நாளே தன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாளாம்.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் இங்கிலீஷில் துளைத்தெடுத்தார். அவள் அசரவே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. பிறகு அவர், “பொதுமக்கள் கேட்கலாம்” என்றார். எல்லாரும் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க நான் எழுந்துவிட்டேன்.

“நான் தினம் மூளை பாக்கறவன். மேல சுருக்கம் சுருக்கமா இருக்கே, அதுதான் முதல்ல உண்டாவும். அப்புறம்தான் உள்ள ரொம்பும். சரிதானே?”

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. சரி என்றால் பட்டம் போச்சு. தப்பு என்றால் ஊரார் முன்னால் அத்தாவுக்குத் தலைகுனிவு.

“இல்லத்தா, தப்பு” என்றாள். “உள்ள தண்ணி நிக்கிற குழி இருக்கு பாருங்க, அதோட சுவர்லதான் நரம்பு செல் பொறக்குது. அங்கேர்ந்து கயித்தைப் பிடிச்சு ஏறுற மாதிரி மேல ஏறுது. முன்னாடி பொறந்தது கீழயே தங்கிடும். பின்னாடி பொறந்தது அதைத் தாண்டிப் போய் மேல உக்காரும். எலிக்கும் ஆட்டுக்கும் நமக்கும் இதே கதைதான்.”

என் பக்கத்தில் இருந்த அவளுடைய அண்ணன்கள் மூவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமைதான் வந்தது.

“ஐயாவுக்குத் திருப்தியா?” என்று தேர்வாளர் கேட்டார்.

“நான் சொன்னது தப்புங்க” என்றேன். “பட்டத்தைக் குடுத்துடுங்க.”