ஸ்டேஷன் படத்தில் மஞ்சள் பாவாடை

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டுக்கு அது சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது எனக்குத் தெரியும்.

போன நவராத்திரிக்கு முந்தின வாரம். சுகர் லேண்ட் ஊரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, 'எஸ்டேட் சேல்' என்று ஒரு போர்டு. கோயம்புத்தூர்க்காரிக்கு எஸ்டேட் என்றால் வால்பாறை டீ எஸ்டேட்தான். இங்கே வந்து ஏழு வருஷமாகியும் புத்தி மாறவில்லை. யாரோ பணக்காரர் வீட்டில் வேண்டாத சாமானை விற்கும் கராஜ் சேல் என்று நினைத்து, ஆறு வயது மகள் வெண்பாவை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. அவள் முன்னால் மேஜையில் பழைய போஸ்ட் கார்டுகள். எல்லாமே அலபாமாவில் இருக்கும் பர்மிங்ஹாம். இரும்பு உருக்கும் ஊர். உலைக்கூடம், புகைபோக்கிகள், மலைமேல் இரும்பு மனிதன் சிலை, இரட்டைக் கோபுரத்தோடு ரயில்வே ஸ்டேஷன். வண்ணம் பூசிய படங்கள். ஒன்றில்கூட ஆள் நடமாட்டம் இல்லை. கொலுவுக்குக் கீழே ஊர் செட் பண்ண ஆகுமே என்று அள்ளிக்கொண்டு, வாசலில் இருந்த ஆளிடம் காசைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது என் வாய் சும்மா இருந்ததா?

"பாட்டிகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லு, கண்ணு."

வெண்பாவுக்குத் தமிழ் புரியும். வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். நான் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே மாற்றினாள்.

"ஐ வில் கோ அண்ட் கம் பேக்."

அதுவரை அசையாமல் இருந்த பாட்டி, சிரித்தாள்.

அன்றிலிருந்து கார்டுகளைத் தொட்டால் விரலில் கரி. துடைத்தால் மறுபடியும் கரி. வீடு முழுக்க நிலக்கரிப் புகை வாசம். "ஏசி ஃபில்டர் மாத்தணும்டி" என்றார் என் கணவர் ஜெயபிரகாஷ். உலகமே அழிந்தாலும் அந்த மனுஷன் ஃபில்டரைத்தான் மாற்றுவார்.

வெண்பா மட்டும் ஸ்டேஷன் கார்டு முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள்.

"ஷி இஸ் வெயிட்டிங், அம்மா."

கொலுவின் மூன்றாம் நாள், சனிக்கிழமை. அவர் ஆபீஸ் போயிருந்தார். அடுப்பில் கடுகு வெடித்தது. கூடவே ரயில் கூவியது.

எங்கள் பக்கம் கூட்ஸ் வண்டி போகும். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இது... ஹாலுக்குள்ளிருந்து வந்தது.

"வெண்பா?"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

வாசல் கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது. மாடியில் இல்லை. பாத்ரூமில் இல்லை. கொலுப்படித் துணியைத் தூக்கிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

ஜல்... ஜல்...

அவள் கொலுசு. சத்தம் தரைமட்டத்திலிருந்து வந்தது.

கொலுவுக்குக் கீழே நான் வைத்த ஸ்டேஷன் கார்டு.

காலியாக இருந்த வாசலில், இப்போது இரண்டு உருவம். ஒன்று உயரம். இன்னொன்று சின்னது.

மஞ்சள் பாவாடை.

காலையில் நான் கட்டிவிட்ட பாவாடை.

ஜல்... ஜல்...

உள்ளே நடந்துகொண்டிருந்தார்கள்.

விடைபெறும்போது நம்மவர்கள் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிக் கத்தினேன்.

"நாங்க திரும்பி வரமாட்டோம்! போறோம்! போறோம்!"

கொலுசு நின்றது.

நான் தூக்கிப் பார்த்த அதே துணிக்குப் பின்னாலிருந்து வெண்பா தவழ்ந்து வந்தாள். அழவில்லை. அவள் வலது மணிக்கட்டில் கரி. ஐந்து விரல் தடம்.

மறுநாள் கார்டுகளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினேன். காசு வாங்கின அதே ஆள் மிச்சச் சாமானை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். பாட்டி எங்கே என்றேன். எந்தப் பாட்டி என்றான்.

எஸ்டேட் சேல் என்றால் செத்தவர்களின் சாமானை விற்பதாம். வீட்டுக்காரி ஜூலையிலேயே, அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அந்த ஸ்டேஷனை இடித்தே ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டதாம்.

சாவு வீடு. சாவு வீட்டில் யாராவது போயிட்டு வரேன் என்பார்களா? பாவி, நானே என் பிள்ளையைச் சொல்லவைத்தேன்.

கார்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

கரி போய்விட்டது. வாசம் போய்விட்டது. ஆனால் வெண்பா இப்போது தமிழ் பேசுகிறாள். ஒரே ஒரு வார்த்தை. தினமும் காலையில், ஸ்கூல் பஸ் ஏறும்போது. 'போயிட்டு வரேன்' என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், அடித்தும் பார்த்துவிட்டேன்.

படியில் நின்று சிரிக்கிறாள்.

"போறேன், அம்மா."