சைடரில் போட்ட சீனி

லவால் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு லூசி, ஒரே இன அப்பிளைப் புளிக்கவைத்துத் தானே செய்த சைடர் என்ற மதுவோடு விருந்துக்கு வந்தார். ஒரு மிடறு குடித்தேன். இனிப்பே இல்லை, பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கு துவர்த்தது.

“பழுதாப் போச்சுதோ? கொஞ்சம் சீனி போட்டுப் பாரும்,” என்றார் என் கணவர் மெல்ல.

போட்டேன். நுரை பொங்கி மேசைவிரிப்பெல்லாம் வழிந்தது. வெட்கத்தில் குறுகிப்போனேன். லூசியோ சிரித்தபடி வேறு கிளாசில் ஊற்றித் தந்து, நான் பொரித்து வைத்திருந்த மட்டன் ரோல்ஸைக் காட்டினார். “முதலில் இதைக் கடியுங்கள்,” என்றார் பிரெஞ்சில்.

கடித்தேன், குடித்தேன். அந்தத் துவர்ப்பு எண்ணெயையும் உறைப்பையும் துடைத்தெடுக்க, அடுத்த கடி முதல் கடியைப் போலவே ருசித்தது. என்ன அற்புதமான பானம்!

இனிக்கவில்லை என்பதற்காக இதுவரை எத்தனை நல்ல சுவைகளைச் சீனி போட்டுக் கெடுத்தேனோ!